குறைந்த செலவில் சூரிய ஒளி ரோபோ: பள்ளிப் பிள்ளைகளுடன் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: கரும்பலகை

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். நிலவில் இறங்கிய பிரக்யான் ஊர்தி வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு நகர்ந்தது என்று வகுப்பில் சொன்னதிலிருந்து, அதைப் போன்ற ஒன்றை நாமும் செய்ய முடியாதா என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு 500 ரூபாய்க்கு மேல் போகாமல், வெயிலில் தானாக நகரும் ஒரு சிறு ரோபோவையாவது அவர்கள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும் என்பது என் ஆசை. பள்ளியில் ஒரு சால்டரிங் அயர்னும் ஒரு மல்டிமீட்டரும் இருக்கின்றன. ஈயப்பற்று வைக்க எனக்குத் தெரியும்; ஆனால் மின்னணுச் சுற்றுகளில் பாடப்புத்தக அளவுக்கு மேல் பழக்கமில்லை.

பயன்படாமல் கிடந்த ஒரு தோட்ட விளக்கிலிருந்து சூரியத் தகட்டைக் கழற்றி, பொம்மைக் காரின் மோட்டாரோடு நேரடியாக இணைத்துப் பார்த்தோம். தகட்டின் முனைகளில் மல்டிமீட்டர் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டுகிறது. அதே மோட்டார் 1.5 வோல்ட் பேட்டரியில் வேகமாகச் சுழல்கிறது. ஆனால் இரண்டையும் சேர்த்தால், நண்பகல் வெயிலில்கூட மோட்டார் அசைவதில்லை. வோல்ட் அதிகமாக இருக்கும்போது ஏன் சுற்றவில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்குப் புரியும்படி இதை எப்படி விளக்குவது? பேட்டரி வைத்தே ஆக வேண்டுமா? ஆர்டுயினோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் பலகைகள் இல்லாமல் ரோபோ என்று சொல்லத்தக்க ஒன்றைச் செய்ய முடியுமா? முதலில் எதைச் செய்யத் தொடங்கினால் பிள்ளைகள் சோர்ந்துபோக மாட்டார்கள்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: பழையரேடியோ

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குவது நல்லது, ஏனென்றால் அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை அனைத்தும் அதிலிருந்தே கிளைத்து வரும்.

மல்டிமீட்டர் காட்டிய 2 வோல்ட் என்பது தகட்டிலிருந்து ஏறத்தாழ எந்த மின்னோட்டமும் எடுக்கப்படாத நிலையில் உள்ள அளவு. தோட்ட விளக்கின் சிறு தகடு நல்ல வெயிலில் சில பத்து மில்லி ஆம்பியர் மட்டுமே தரும். பொம்மைக் கார் மோட்டாரின் கம்பிச்சுருளோ ஒரு ஓம் அளவே மின்தடை உடையது. நின்ற நிலையிலிருந்து புறப்படும் கணத்தில் அதற்கு அரை ஆம்பியருக்கும் மேல் தேவை. அதைத் தகட்டோடு இணைத்தவுடன் மின்னழுத்தம் அடியோடு சரிந்து ஒரு வோல்ட்டின் சிறு பகுதியாகிவிடுகிறது. இணைப்பைக் கழற்றாமல் அப்படியே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அந்தச் சரிவைத் தாங்களே காண்பார்கள். பேட்டரி அந்த அரை ஆம்பியரைத் தயங்காமல் தருவதால்தான் அதில் மோட்டார் சுழல்கிறது.

இதற்கான தீர்வை நம் ஊர் உழவர்கள் நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். கிணற்றில் ஊற்று குறைவாக இருந்தால், ஊறும் நீரை அப்படியே வாய்க்காலில் விடுவதில்லை. தொட்டியில் சேர்த்து, நிறைந்ததும் மடையைத் திறந்துவிடுகிறார்கள், அப்போதுதான் நீர் கடைசிப் பாத்தி வரை ஓடும். சூரிய ரோபோவில் தொட்டியின் இடத்தில் மின்தேக்கியும், மடையின் இடத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்களும் இருக்கும். தகடு மின்தேக்கியை மெல்ல நிரப்பும். குறிப்பிட்ட அளவு நிரம்பியதும் சுற்று தானாகத் திறந்து, சேர்ந்த மின்னூட்டம் முழுவதையும் ஒரே துடிப்பாக மோட்டாருக்குக் கொடுக்கும். பிறகு மூடிக்கொண்டு மீண்டும் சேர்க்கத் தொடங்கும். இதற்கு சூரிய எஞ்சின் என்று பெயர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குச் சென்ற மார்க் டில்டன் 1980களின் இறுதியில் தொடங்கிவைத்த பீம் என்னும் ரோபோ மரபு இந்தச் சுற்றின் மேல்தான் வளர்ந்தது. பழைய கருவிகளிலிருந்து கழற்றிய பாகங்களைக் கொண்டு, கணிப்பொறி எதுவும் இல்லாமல், மிக எளிய சுற்றுகளால் உயிர் போன்ற அசைவைக் கொண்டுவருவதே அந்த மரபின் நோக்கம். ஆகவே பேட்டரியும் வேண்டாம், ஆர்டுயினோவும் வேண்டாம் என்பதே உங்கள் இரு கேள்விகளுக்கும் என் விடை.

இதற்குத் தேவையானவை மிகச் சில. தானாக மினுக்கும் சிவப்பு எல்இடி ஒன்று, பிசி 557 என்னும் பிஎன்பி டிரான்சிஸ்டர் ஒன்று, பிசி 337 என்னும் என்பிஎன் டிரான்சிஸ்டர் ஒன்று, 2.2 கிலோ ஓம் மின்தடை ஒன்று, 4700 மைக்ரோஃபேரட் மின்தேக்கி ஒன்று, தகடும் மோட்டாரும். எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பிசி 547-ஐ என்பிஎன் இடத்தில் வைக்க வேண்டாம். அது 100 மில்லி ஆம்பியர் வரைக்குமானது, மோட்டார் புறப்படும்போது அதற்கு மேலும் கேட்கலாம். பள்ளி ஆய்வகங்களில் கிடக்கும் எஸ்எல் 100 இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். மினுக்கும் எல்இடி ஒரே நிறம் உடையதாக இருக்க வேண்டும். நிறம் மாறிக்கொண்டே இருக்கும் வகை இந்தச் சுற்றில் சீராக வேலை செய்வதில்லை.

இணைப்பைச் சொற்களிலேயே சொல்கிறேன், பிள்ளைகள் இதைப் படித்துத் தாங்களே படம் வரையட்டும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களுக்கும் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று பெயர். தகட்டின் நேர்முனை, மின்தேக்கியின் நேர்முனை, மோட்டாரின் ஒரு முனை, பிஎன்பியின் எமிட்டர் ஆகிய நான்கும் ஒரே கம்பியில் சேர வேண்டும். தகட்டின் எதிர்முனை, மின்தேக்கியின் எதிர்முனை, என்பிஎன்னின் எமிட்டர், எல்இடியின் குட்டைக் கால் ஆகிய நான்கும் மற்றொரு கம்பியில் சேர வேண்டும். எல்இடியின் நீண்ட கால் பிஎன்பியின் பேஸுக்குச் செல்லும். பிஎன்பியின் கலெக்டர் என்பிஎன்னின் பேஸோடு இணையும். மோட்டாரின் மறுமுனை என்பிஎன்னின் கலெக்டரோடு இணையும். கடைசியாக, அந்தக் கலெக்டருக்கும் பிஎன்பியின் பேஸுக்கும் இடையே 2.2 கிலோ ஓம் மின்தடையை வைக்க வேண்டும். பிசி வகை டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். அயல்நாட்டு வரைபடங்களில் வரும் 2என் 3904, 2என் 3906 ஆகியவற்றில் இந்த வரிசை நேர் எதிரானது என்பதால், அந்தப் படங்களைப் பார்த்துச் செய்பவர்கள் கால்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்தேக்கி ஏறத்தாழ இரண்டரை வோல்ட்டை எட்டும்போது எல்இடி மினுக்கத் தொடங்கும். அந்த முதல் மினுக்கில் பாயும் சிறு மின்னோட்டம் பிஎன்பியைத் திறக்கிறது, பிஎன்பி என்பிஎன்னைத் திறக்கிறது, மோட்டார் புறப்படுகிறது. என்பிஎன் திறந்ததும் அதன் கலெக்டர் தாழ்ந்து, 2.2 கிலோ ஓம் வழியாகப் பிஎன்பியைத் தொடர்ந்து திறந்த நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. இப்போது எல்இடியின் உதவி தேவையில்லை. மின்தேக்கி ஒரு வோல்ட் அளவுக்கு வடிந்ததும் பிடி தளர்ந்து எல்லாம் மூடிக்கொள்ளும். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இந்த இரண்டு டிரான்சிஸ்டர்களின் அமைப்பு எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. இதைப் பிள்ளைகள் நிதானமாகப் புரிந்துகொள்ள ஒரு வகுப்பு முழுவதும் செலவிட்டாலும் தகும்.

கணக்கும் எட்டாம் வகுப்புக்கு எட்டக்கூடியதே. 4700 மைக்ரோஃபேரட் மின்தேக்கி 1 வோல்ட்டிலிருந்து 2.7 வோல்ட்டுக்கு ஏற, 20 மில்லி ஆம்பியர் தரும் தகட்டுக்கு 0.4 நொடி போதும். அந்த ஒரு துடிப்பில் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 15 மில்லி ஜூல் மட்டுமே. இவ்வளவு சிறிய ஆற்றலை வீணாக்காத மோட்டாராகத் தேட வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும். மல்டிமீட்டரில் சுருளின் மின்தடையை அளந்து, 10 ஓமுக்கு மேல் காட்டும் மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். பொம்மைக் கார் மோட்டாரை ஒதுக்கிவிடலாம்.

பதில்: வெயிலோன்

மேலே சொன்னதோடு சூரியத் தகட்டைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான முயற்சிகள் தகட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே தடுமாறுகின்றன.

ஒரு சிலிக்கான் மின்கலம், சிறியதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும், வேலை செய்யும்போது அரை வோல்ட் அளவே தரும். பரப்பு கூடினால் மின்னோட்டம் கூடும், எண்ணிக்கை கூடினால் வோல்ட் கூடும். உங்கள் தோட்ட விளக்குத் தகட்டை உற்றுப் பார்த்தால் நான்கு பட்டைகள் தெரியும், ஆகவே அது 2 வோல்ட் தகடு. சூரிய எஞ்சின் திறக்க இரண்டரை வோல்ட்டுக்கு மேல் தேவை என்பதால் ஒரு தகடு போதாது. இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். வாங்குவதாக இருந்தால், பள்ளிச் செயல்திட்டங்களுக்கென்று விற்கும் சிறிய 4 அல்லது 5 வோல்ட் தகடுகள் சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கின்றன. பழைய கால்குலேட்டரின் பழுப்பு நிறத் தகட்டைப் பிள்ளைகள் நிச்சயம் கொண்டுவருவார்கள். அது வேறு வகைச் சிலிக்கானால் ஆனது. கால்குலேட்டருக்குப் போதுமான மிகச் சிறிய மின்னோட்டத்தையே தரும் என்பதால் மோட்டார் வேலைக்கு உதவாது.

தகட்டின் தரத்தை அறிய மல்டிமீட்டரை மின்னோட்டம் அளக்கும் நிலையில் வைத்து, இரு முனைகளையும் நேரடியாகத் தகட்டின் முனைகளில் தொட்டு, வெயிலில் அளவிடுங்கள். பேட்டரியில் இப்படிச் செய்யவே கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனால் இத்தகைய சிறு தகட்டின் இரு முனைகளையும் குறுக்காக இணைப்பதால் அதற்கு எந்தத் தீங்கும் இல்லை. இந்த அளவையும் சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டையும் ஒவ்வொரு தகட்டின் முதுகிலும் எழுதி வைத்துவிட்டால், எந்தத் தகடு எந்த மோட்டாருக்கு என்று பிறகு எளிதாகப் பொருத்தலாம்.

வகுப்பறைக்குள் ரோபோ நகரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறையின் வெளிச்சமும் வெளியே உள்ள வெயிலும் அவ்வளவு வேறுபட்டவையாகத் தெரிவதில்லை. நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குச் செல்லும். குழல் விளக்கு எரியும் வகுப்பறையில் சில நூறு லக்ஸ் மட்டுமே இருக்கும். தகடு தரும் மின்னோட்டமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் சரியும். மழைநாளில் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் பழைய குண்டு பல்பு ஒன்றைத் தேடிப்பிடியுங்கள். அதன் ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் மிகுதி, சிலிக்கான் அவற்றில் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றிக்கொள்ளும். எல்இடி பல்பில் அந்தக் கதிர்கள் இல்லை.

நிழலைப் பற்றியும் ஒரு சோதனை செய்து காட்டலாம். தொடராக இணைந்த கலங்களில் ஒன்றை மட்டும் விரலால் முழுதாக மறைத்தால், மற்றவை வெயிலில் இருந்தாலும் தகடு முழுவதும் ஏறத்தாழ ஓய்ந்துவிடும். ரோபோவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியின் நிழல்கூட அதன் வேகத்தைக் குறைப்பதற்கு இதுதான் காரணம். தகடு எப்போதும் உச்சியில் இருக்க வேண்டும்; அதற்கு மேலே எதுவும் இருக்கக் கூடாது.

அந்தத் தோட்ட விளக்கின் மிச்ச பாகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே நான்கு கால்கள் கொண்ட ஒரு சிறு ஐசியும், மின்தடை போலவே வண்ணக் கோடுகளுடன் தோன்றும் ஒரு கம்பிச்சுருளும் இருக்கும். 1.2 வோல்ட் பேட்டரியிலிருந்து எல்இடிக்கு வேண்டிய உயர்ந்த வோல்ட்டை உண்டாக்குவது அந்த இணைதான். பகலில் சேர்த்து இரவில் செலவிடும் வகைச் செயல்திட்டங்களுக்கு அதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.

பதில்: நிலாத்தடம்

பழையரேடியோ ஐயாவின் விளக்கம் அருமை. ஆயினும் பேட்டரி வேண்டவே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் பிரக்யானைப் பார்த்துத் தொடங்கியிருக்கிறார்கள். பிரக்யானில் சூரியத் தகட்டோடு பேட்டரியும் இருந்தது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கி, செப்டம்பர் 2 அன்று அந்த ஊர்தி உறக்க நிலைக்கு அனுப்பப்பட்டபோது அதன் பேட்டரி நிரம்பியிருந்தது, அடுத்த சூரிய உதயத்தில் ஒளி படும்படி தகடு திருப்பி வைக்கப்பட்டிருந்தது. சேமித்து வைத்துத் தேவைப்படும்போது செலவிடுவது என்பதையும் பிள்ளைகள் கற்க வேண்டும் அல்லவா?

அவர்களுக்கு ஊக்கம் தரும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். பிரக்யானின் எடை 26 கிலோ, அதன் தகட்டின் திறன் 50 வாட், அதாவது கிலோவுக்கு 2 வாட்டுக்கும் குறைவு. 1997-இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தி 10.5 கிலோ எடையும் 16 வாட் தகடும் கொண்டது. இரண்டுமே நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் ஊர்ந்து சென்றவை. உங்கள் பிள்ளைகள் 100 கிராம் எடையில், அரை வாட் தகட்டுடன் ஒன்றைச் செய்தால், கிலோவுக்கு 5 வாட் என்ற கணக்கில் அவர்களுடைய ரோபோ அந்த இரண்டையும்விட வசதியான நிலையில் இருக்கும். வேகத்தை எதிர்பார்க்காமல் பல்சக்கரங்களால் குறைத்து ஓட்டினால் சிறிய தகடும் கணிசமான எடையை நகர்த்தும் என்பதற்கு இவை சான்று.

ஆகவே என் பரிந்துரை இது. 6 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் தகடு ஒன்று, மறுமின்னேற்றம் செய்யத்தக்க ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் மூன்று, இடையில் 1என் 5819 ஷாட்கி டையோடு ஒன்று. டையோடு இல்லாவிட்டால் இருட்டில் பேட்டரியிலிருந்து தகட்டுக்கு மின்சாரம் திரும்பிக் கசியும். வழக்கமான 1என் 4007 டையோடும் தடுக்கும், ஆனால் அது 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும். ஷாட்கி வகை அதில் பாதிக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். 2000 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள பேட்டரிக்கு 100 மில்லி ஆம்பியர் என்பது இருபதில் ஒரு பங்கு மட்டுமே என்பதால், தனிக் கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாமலே பகல் முழுவதும் வெயிலில் விட்டுவைக்கலாம். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேர நல்ல வெயிலில் 350 மில்லி ஆம்பியர் மணி சேர்ந்தால், கடைகளில் மஞ்சள் நிறத்தில் விற்கும் பிஓ கியர் மோட்டார்கள் இரண்டை ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓட்டலாம்.

லித்தியம் பேட்டரியை இந்த வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். பெரியவர்கள் செய்யும்போதுகூட, லித்தியம் பேட்டரியை மின்னேற்றும் டிபி 4056 பலகைகள் 1 ஆம்பியர் மின்னேற்றத்துக்கு அமைக்கப்பட்டு வருகின்றன என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். சிறு தகட்டால் அவ்வளவு தர இயலாது. அதிலுள்ள 1.2 கிலோ ஓம் மின்தடையை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வைத்தால் 130 மில்லி ஆம்பியராகக் குறையும். ஆர்டுயினோ ஊனோ பலகை சும்மா இருக்கும்போதே 50 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுத்துக்கொள்ளும், அதாவது அந்தத் தகட்டின் பாதி. எனவே அதைச் சேர்ப்பதைப் பிறகு பார்க்கலாம் என்பதில் நானும் பழையரேடியோ ஐயாவும் ஒரே கருத்தினர்.

பதில்: பழையரேடியோ

நிலாத்தடம் அவர்கள் சொல்லும் வழி நல்ல வழிதான், அதைப் பிள்ளைகள் அடுத்த பருவத்தில் செய்யட்டும். முதல் ரோபோவுக்கு நான் மின்தேக்கியை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பேட்டரி இருந்தால் ரோபோ நகர்வது இன்றைய வெயிலாலா, நேற்றுச் சேர்ந்த மின்சாரத்தாலா என்று பிள்ளையால் கண்டறிய முடியாது. மின்தேக்கி ரோபோவின் மேல் கையை நீட்டி நிழல் விழச் செய்தால் சிறிது நேரத்தில் துடிப்பு நின்றுவிடும்; கையை எடுத்தால் மீண்டும் தொடங்கும். ஒளிக்கும் அசைவுக்கும் உள்ள தொடர்பை அதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை. மூன்று ஏஏ பேட்டரிகளின் எடையும் சேர்ந்தால் ரோபோவின் அளவே மாறிவிடும். குழுவுக்கு 500 ரூபாய் என்ற வரம்பையும் தாண்டிவிடக்கூடும்.

பதில்: செம்மண்

மோட்டாரையும் உடலையும் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். சுற்று சரியாக இருந்தும் ரோபோ நகராமல் போவதற்குப் பெரும்பாலும் உடலமைப்பே காரணம்.

பழைய கைபேசிகளில் அதிர்வுக்காக வைத்திருக்கும் உருளை வடிவ மோட்டார்தான் இந்த வேலைக்கு முதல் தரமானது. கைபேசி பழுதுபார்க்கும் கடைகளில் கேட்டால் கழிவுப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவார்கள். டிவிடி டிரைவில் தட்டை வெளியே தள்ளும் மோட்டாரையும் அளந்து பார்க்கலாம். அதே டிரைவில் வட்டைச் சுழற்றும் மோட்டார் வேண்டாம். பட்டையான பல கம்பிகளுடன் வரும் அது, தனக்கென ஓர் இயக்கச் சுற்று இல்லாமல் சுழலாது. பழைய டேப் ரெக்கார்டர் மோட்டாரின் உள்ளே வேகத்தைச் சீராக்கும் சிறு சுற்று இருப்பதுண்டு, அதை நீக்கினால்தான் நம் வேலைக்கு ஆகும்.

முதல் ரோபோவுக்குச் சக்கரமே வேண்டாம். அதிர்வு மோட்டாரின் முனையில் உள்ள பாதி வட்ட எடையை அப்படியே விட்டுவிட்டு, மோட்டாரைத் தகட்டின் அடியில் ஒட்டி, ஜெம் கிளிப்பை வளைத்து மூன்று கால்கள் வைத்து, அந்தக் கால்கள் அனைத்தும் ஒரே திசையில் சற்றுச் சாய்ந்திருக்கும்படி செய்தால், ஒவ்வொரு துடிப்பின்போதும் அது குலுங்கி ஒரு பக்கமாக நகரும். வழவழப்பான தரையாக இருக்க வேண்டும், மணலில் நகராது. மொத்த எடையை 30 கிராமுக்குள் வைக்கப் பாருங்கள். கனமான பிளாஸ்டிக் சட்டத்தோடு வரும் தகடாக இருந்தால் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள், ஆனால் தகட்டை மட்டும் வளைக்கவோ அழுத்தவோ கூடாது.

இரண்டாவது ரோபோவில் சக்கரத்துக்குப் பதிலாக மோட்டாரின் அச்சையே பயன்படுத்தலாம். எடையைக் குறட்டால் மெல்ல இழுத்து எடுத்துவிட்டு, மெல்லிய மின்கம்பியின் மேலுறையை ஒரு துண்டு வெட்டி அச்சில் மாட்டி, மோட்டாரைச் சாய்வாக ஒட்டி, அந்த உறை மட்டும் தரையைத் தொடும்படி வையுங்கள். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள உறை ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் மட்டுமே நகர்வதால், பல்சக்கரம் எதுவும் இல்லாமலே வேகம் குறைந்து தள்ளும் வலிமை கூடிவிடுகிறது. பிரக்யானின் நிதானம் பிள்ளைகளின் ரோபோவுக்கும் வந்துவிடும்.

கரும்பலகை

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு தோட்ட விளக்குத் தகடுகளைத் தொடராக இணைத்து, கைபேசி மோட்டாருடன், ஈயப்பற்று இல்லாமல் கால்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டில் சுற்றை அமைத்துப் பார்த்தோம். காலை வெயிலில் மோட்டார் முதன்முறையாகத் துடித்தபோது பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியரே வந்து எட்டிப் பார்த்தார்.

இப்போது இரண்டு ஐயங்கள் உள்ளன. நண்பகலில் மோட்டாரின் முனையை விரலால் பிடித்து நிறுத்திவிட்டு விட்டால், அது மீண்டும் துடிப்பதே இல்லை, மின்தேக்கி 0.9 வோல்ட்டிலேயே நிற்கிறது. நிழலில் ஒரு கணம் காட்டி எடுத்தால் மறுபடியும் வேலை செய்கிறது. மாறாக, வகுப்பறைச் சன்னலோரத்தில் வைத்தால் 2 வோல்ட்டை ஒட்டி ஏறி, அதற்கு மேல் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஏறுவதில்லை. இவை இரண்டுக்கும் என்ன காரணம்? அத்துடன், ஒளி இருக்கும் திசையை நோக்கித் தானே திரும்பும் ரோபோவை இதே சுற்றைக் கொண்டு செய்ய முடியுமா என்று ஒரு மாணவி கேட்கிறாள்.

பதில்: பழையரேடியோ

நீங்கள் கவனித்த இரண்டும் இந்தச் சுற்றின் இயல்புகளே. இவ்வளவு நுட்பமாக அளந்து எழுதியதற்குப் பிள்ளைகளைப் பாராட்டுகிறேன்.

முதலாவது, தகடு தேவைக்கு மேல் வலிமையாக இருப்பதால் வருவது. மோட்டார் நின்றுபோன நிலையில் மின்தேக்கி வடிந்துகொண்டே வந்து ஒரு வோல்ட்டை நெருங்குகிறது. அந்த இடத்தில் சுற்று மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் நின்ற மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் முழுவதையும் நண்பகல் தகடு தொடர்ந்து தந்துகொண்டே இருப்பதால், வோல்ட் அதற்குக் கீழே இறங்குவதே இல்லை, டிரான்சிஸ்டர்களின் பிடியும் தளர்வதில்லை. நிழல் காட்டியதும் அந்தப் பிடி விடுகிறது. இதற்கு வெயிலோன் சொன்ன நிழல் சோதனையையே மருந்தாக்கலாம். தகட்டின் ஒரே ஒரு பட்டையில் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால், தொடரில் உள்ள எல்லாவற்றின் மின்னோட்டமும் ஏறத்தாழ பாதியாகிவிடும். பிள்ளைகள் தாளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, நண்பகலிலும் சிக்கிக்கொள்ளாத அளவைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாவது, அதற்கு நேர் எதிரான நிலை. எல்இடி மினுக்கத் தொடங்கும் முன்பே அதன் உள்ளிருக்கும் சிறு ஐசி கொஞ்சம் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். சன்னலோரத்தில் தகடு தருவதும் அது எடுப்பதும் சமமாகிவிட்டால், சேர்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. மங்கிய ஒளியிலும் இயங்க வேண்டுமென்றால், எல்இடியின் வேலையைச் செய்ய மின்னழுத்தம் காணும் ஐசி ஒன்றை வைத்துச் சுற்றை வேறு விதமாக அமைக்க வேண்டும். பழைய பீம் ரோபோக்களில் 1381 என்ற ஐசி அதற்குப் பயன்பட்டது. அதன் உற்பத்தி நின்றுவிட்டதால் இப்போது டிசி 54 வகையைப் பயன்படுத்துகிறார்கள். அது எடுத்துக்கொள்வது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். எனினும் உங்கள் பள்ளியில் முற்றமும் வெயிலும் இருக்கும்போது அந்தச் செலவும் சிரமமும் இப்போதைக்குத் தேவையில்லை.

மின்தேக்கியைப் பெரிதாக்கலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். ஒரு ஃபேரட் அளவுள்ள சூப்பர் மின்தேக்கியை 20 மில்லி ஆம்பியரால் வெறுமையிலிருந்து 2.7 வோல்ட்டுக்கு நிரப்ப இரண்டேகால் நிமிடம் ஆகும். பிறகு நீண்ட ஓட்டம் கிடைக்கும். அதைச் செய்பவர்கள், நாணயம் போன்ற 5.5 வோல்ட் வகையை வாங்கக் கூடாது. அதன் உள்மின்தடை மிகுதி, மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தை அது விடாது. உருளை வடிவ 2.7 வோல்ட் வகை நன்றாகக் கொடுக்கும், ஆனால் அந்த 2.7 வோல்ட்டைத் தாண்டவிட்டால் கெட்டுவிடும். தகட்டுக்கு வோல்ட் அதிகமாகவும் மோட்டார் இணைப்பு விட்டும் இருந்தால் அது எளிதில் தாண்டும் என்பதால், பெரியவர் ஒருவர் அருகில் இருந்து வோல்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

அந்த மாணவியின் கேள்விக்கு மகிழ்ச்சியுடன் விடை சொல்கிறேன். 1948, 1949 ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூளை ஆய்வாளர் கிரே வால்டர் என்பவர் எல்மர், எல்சி என்று பெயரிட்ட இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். ஒவ்வோர் ஆமைக்கும் இரண்டே வால்வுகளும் (டிரான்சிஸ்டருக்கு முன் ரேடியோக்களில் இருந்த வெற்றிடக் குழாய்கள்) ஓர் ஒளி உணரியும்தான் மூளை. அவை ஒளியைத் தேடிச் சென்றன. அவற்றை இயக்கியது பேட்டரி. உங்கள் மாணவி அதை வெயிலாலேயே செய்துவிடலாம். இப்போது செய்திருக்கும் அதே சூரிய எஞ்சினை இன்னொன்று செய்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தகடும் தனி மின்தேக்கியும் வைத்து, செம்மண் சொன்ன சாய்வு மோட்டார்கள் இரண்டை இடமும் வலமுமாகப் பொருத்த வேண்டும். இடப்பக்கத் தகடு சற்று இடப்புறமாகவும், வலப்பக்கத் தகடு சற்று வலப்புறமாகவும் சரிந்திருக்கட்டும். இடப்பக்கத் தகட்டின் எஞ்சின் வலப்பக்க மோட்டாரையும், வலப்பக்கத் தகட்டின் எஞ்சின் இடப்பக்க மோட்டாரையும் இயக்க வேண்டும். ஒளி இடப்புறத்தில் மிகுந்திருந்தால் இடத்தகட்டின் மின்தேக்கி விரைவாக நிரம்பி, வலப்பக்க மோட்டார் அடிக்கடி துடித்து, ரோபோ இடப்புறமாகத் திரும்பும். இரு பக்கமும் ஒளி சமமானதும் மாறி மாறித் துடித்து நேராகச் செல்லும். தகடுகளை இணைக்கும்போது இரண்டு எஞ்சின்களின் எதிர்முனைகளையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டியதில்லை, அவை தனித்தனியாகவே இருக்கலாம். உச்சி வெயிலில் இரு தகடுகளுக்கும் ஒளி சமமாக விழுந்துவிடும் என்பதால், முதல் சோதனையைக் காலை எட்டு மணி வாக்கில், கதிரவன் தாழ்வாக இருக்கும்போது, சிமெண்டுத் தரையில் செய்து பாருங்கள்.